ஏழாம் வரிசை, ஒன்பதாம் கட்டம்

ஓவியப் பலகையைச் சுழற்றித் தலை மேலாக நிறுத்திவிட்டு, நான்கடி பின்வாங்கி நிமிர்ந்து பார்த்த இஞ்ஞாசி, கையில் இருந்த ஈரத்துணியைக் கீழே போடவும் மறந்து நின்றுவிட்டார். ஆற்றங்கரையில், கரையேற்றிய ஓடங்களுக்கு முன்னால், இடையில் வாளும் தோளில் கரடித்தோலுமாக நின்றவன் அவருடைய தங்கை கணவன் ரெமிஜியுஸ். ரெமிஜியுஸைப் போன்ற ஒருவன் அல்லன், ரெமிஜியுஸேதான். செம்பட்டைத் தாடியும், தோள்வரை பின்னித் தொங்கிய மயிரும், பனிநாட்டானின் வெளுத்த தோலும் நாடகக்காரன் ஒட்டிக்கொண்டவைபோல் அந்த முகத்தின்மீது இருந்தனவேயன்றி அதனை மறைக்கவில்லை. கீழுதட்டின் இடது ஓரத்தை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு, ஏதோ வேடிக்கை சொல்லப்போகிறவனைப்போல் ஒரு கண்ணை மட்டும் சற்றே சுருக்கியிருந்தான். மணி ஒன்பதே முக்கால். பதினொன்றுக்கு அதே ரெமிஜியுஸ் தன் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு இந்தப் பலகையை ஏற்றிச் செல்ல வருவான். கூடவே தங்கை பிலோமினாவும் வருவாள். படத்தைப் பார்க்கவேண்டும் என்று நேற்றுத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். இஞ்ஞாசியின் கண் அந்த முகத்தைவிட்டு அகல மறுத்தது. அதன்மேல் உள்ள பிரியத்தால் அன்று. அகன்றால் பக்கத்துக் கட்டத்தில் எதைக் காண நேரும் என்பது கண்ணின் ஓரத்துக்கு முன்னமே தெரிந்துவிட்டிருந்தது.

இருபத்திரண்டு நாள்களாக அவர் இந்தப் படத்தைத் தலைகீழாகவே வரைந்துவந்தார். துறைமுகத்தை அடுத்துப் புதிதாகத் திறக்கவிருக்கும் கடலோடிகள் அருங்காட்சியகத்துக்காக எட்டடிக்கு நான்கடியில் ஒரு சுவர்ப்பலகை. வடக்கேயிருந்து ஆறுகளின் வழியே கிழக்கு ஐரோப்பாவுக்குள் இறங்கிய வைக்கிங் வீரர்கள், அந்தப் பக்கத்தார் வராங்கியர் என்று அழைத்தவர்கள், நீப்பர் ஆற்றங்கரையில் சந்தை கூட்டியிருக்கும் காட்சி. மூலப்படம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய ஓவியர் ஒருவர் தீட்டியது. இவருக்குக் கிடைத்ததோ அதன் அச்சுப் பிரதி, எவரோ நான்காக மடித்து நெடுங்காலம் வைத்திருந்தது. இஞ்ஞாசி தொழில் பழகியது சினிமா பேனர் எழுதும் கொட்டகையில். அங்கே எல்லாருமே கட்டம் போட்டுத்தான் வரைவார்கள். ஆனால் மூலத்தையும் பலகையையும் ஒருசேரத் தலைகீழாக வைத்து, ஒரு வரிசைக் கட்டங்களை மட்டும் திறந்து, மீதியைப் பழைய வேட்டியால் மூடி, பாதத்தில் தொடங்கித் தலையில் முடிப்பது அவர் தாமாகக் கண்டுகொண்ட முறை. நேராக வைத்தால், மூக்கைக் கண்டதும் கை தனக்குத் தெரிந்த மூக்கை எழுதிவிடும். தலைகீழாக வைத்தால் மூக்கு என்று ஒன்றில்லை; ஒரு கருப்பு, அதனருகே ஒரு வெளுப்பு, அவ்வளவே. தெரிந்ததை எழுதக்கூடாது, கண்டதை எழுதவேண்டும். அதுவே தம் தொழிலின் நேர்மை என்று அவர் எண்ணியிருந்தார். அதில் சிறிது கர்வமும் உண்டு. ஏழாம் வரிசையில் ஒன்பதாம் கட்டமும் பத்தாம் கட்டமும் அச்சுப் பிரதியின் மடிப்பில் விழுந்திருந்தன. மடிப்பு தேய்ந்து, மை உதிர்ந்து, வெள்ளைத்தாள் மட்டும் எஞ்சியிருந்தது. நடுவே நிற்கும் வீரனின் முகமும், அவனருகே நிற்கும் பெண்ணின் மேற்பாதியும் அந்த வெள்ளைக்குள் போயிருந்தன. அருங்காட்சியக அலுவலர் கிருபாவதி, "அந்த ரெண்டு கட்டத்தையும் நீங்களே நிரப்பிடுங்க சார், ஏதோ ஒரு முகம். கொம்பு வெச்ச தொப்பி மட்டும் போட்டுடாதீங்க. அவங்க யாரும் அப்படிப் போட்டதே இல்லை, பின்னால வந்த ஓவியக்காரங்க கட்டிவிட்டது," என்று சிரித்தார். ஏதோ ஒரு முகம். சென்ற வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், வானொலியில் மீன்பிடி வானிலை சொல்லிக்கொண்டிருந்தபோது, அரை மணி நேரத்தில், எதையும் நினையாமல் எழுதி முடித்த ஏதோ ஒரு முகம். எதையும் நினையாமல்தானே எழுதினோம்? வேகமாக வந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. கை தானாக ஓடியது; இன்றைக்குக் கை நன்றாக ஓடுகிறது என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. கொல்லைக் குழாயில் கழுவினார். உப்புத்தண்ணீர் கண்ணில் எரிந்தது. துடைத்துக்கொண்டு, வெயிலில் சற்று நின்று, சாலையில் போன ஐஸ் வண்டியை அது வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ரெமிஜியுஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அப்போது அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. கிடைத்தவுடன் நெஞ்சு சற்று இளகியது. மிக்கேல் சம்மனசு! பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மாதா கோயில் பக்கப் பீடத்துக்கு மிக்கேல் அதிதூதரை எழுதியபோது அவர் மாதிரியாக நிறுத்தியது ரெமிஜியுஸைத்தானே? கடற்கரையில் வள்ளம் ஏற்றிக்கொண்டிருந்த இருபது பேரில் அந்தக் கழுத்தும் தோளும் அவர் கண்ணில் பட்டன. ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றவன், "என்னையவா அண்ணாச்சி சம்மனசு ஆக்கப் போறிய? எங்கம்மா கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா," என்றான். பதினெட்டு நாள் இந்தக் கொட்டகையில் நின்றான். கையில் மூங்கில் கம்பை வேலாகப் பிடித்துக்கொண்டு, கால்மாட்டில் அரிசி மூட்டை ஒன்றைச் சாத்தானாக மிதித்துக்கொண்டு. இடையிடையே கதை சொன்னான். தேநீர் கொண்டுவந்த பிலோமினா சிரித்தாள். இஞ்ஞாசி அந்த முகத்தை எத்தனை முறை எழுதி எழுதி அழித்திருப்பார்! கைக்குப் பழகிய முகம். வீரன் என்று சொன்னால், வாள் என்று சொன்னால், கை தனக்குத் தெரிந்த வீரனைத்தானே எடுத்து நீட்டும்? இதில் என்ன இருக்கிறது? பழக்கம். வெறும் பழக்கம். அந்தச் சொல்லை நாலைந்து முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அந்த ஓவியம் முடிந்த மறுமாதம், தாய் தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவர் என்ற முறையில், தாமே போய் ரெமிஜியுஸின் தாயைப் பார்த்து, தங்கையைத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்ததும் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தை அவ்வளவு நாள் உற்றுப் பார்த்தவருக்கு, அவனைத் தெரியும் என்ற உறுதி இருந்தது. இவ்வளவு அழகாக நிற்கத் தெரிந்தவன் என்று நினைத்தாரோ? ஆம், அப்படித்தான் நினைத்தார். நிற்கத் தெரிந்தவன். அதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

சரி, பழக்கம் என்றே இருக்கட்டும். அப்படியானால் பத்தாம் கட்டம்? பிலோமினாவை அவர் ஒருநாளும் வரைந்ததில்லையே. மாதாவுக்கு மாதிரியாக நிற்கச் சொன்னபோதுகூட, "போண்ணே, எனக்கு வெக்கமா இருக்கு," என்று ஓடிவிட்டாள். அவள் முகம் கைக்குப் பழகவில்லை. அதனால்தான் பத்தாம் கட்டத்தில் முகம் இல்லை. குனிந்த தலையும், முன்னால் சரிந்து விழுந்த கூந்தலும்தான். முகம் இல்லாத பெண்ணை இன்னாள் என்று எப்படிச் சொல்வது? யாரும் சொல்ல மாட்டார்கள். நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்டாலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண் வலக்கையால் தன் இடக்கை மணிக்கட்டைப் பற்றிக்கொண்டிருந்தாள். பற்றிய கையின் கட்டைவிரலை உள்ளே மடித்து மற்ற விரல்களுக்கு அடியில் ஒளித்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் யார் அப்படிப் பிடிப்பார்கள்? இஞ்ஞாசி தம் மணிக்கட்டைத் தாமே பற்றிப் பார்த்தார். கட்டைவிரல் வெளியேதான் நின்றது. உள்ளே மடிக்க முயன்றபோது பிடி தளர்ந்தது. வீங்கிய மணிக்கட்டாக இருந்தால், அழுத்தம் விழாமல் பிடிக்கவேண்டுமானால் மட்டுமே அப்படிப் பிடிக்க முடியும் என்பது அப்போது தெரிந்தது, கையின் வழியாகத் தெரிந்தது, அவர் சட்டென்று கையை உதறினார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு, அவள் இந்த வெளிக்கதவுக்கு அப்பால் அப்படித்தான் நின்றாள். தோளில் ஒரு துணிப்பை. கதவின் கொக்கி உள்ளே மாட்டியிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்று எண்ணி அல்ல. பல் துலக்கிக்கொண்டிருந்தார், வாயில் நுரை இருந்தது, கை ஈரமாக இருந்தது. கதவுக்கு மேலாகவே பேச்சு நடந்தது. "என்ன பிலோமி, இவ்வளவு வெள்ளன?" என்றார். "சும்மாதாண்ணே," என்றாள். "மாப்பிள்ளைக்கிட்ட சொல்லிட்டு வந்தியா?" என்றார். அதற்கு அவள் மறுமொழி சொல்லவில்லை. அப்படியா, மறுமொழி சொல்லவில்லையா? அல்லது ஏதோ சொன்னாள், அவர் வாய் கொப்பளித்த சத்தத்தில் கேட்கவில்லையா? அரை மணி நேரத்தில் ரெமிஜியுஸ் சிரித்துக்கொண்டே வந்துவிட்டான். கையில் மக்ரூன் இனிப்புப் பொட்டலம். "மச்சான், ஒங்க தங்கச்சிக்கு மூக்குக்கு மேல கோவம். ஒரு வார்த்த சொல்லிரக் கூடாது!" என்றான். அவள் பிடரியில் கையை வைத்தான். வாஞ்சையாகத்தான் வைத்தான். அப்படி வைத்தே வண்டிவரை நடத்திச் சென்றான். போயிட்டு வாம்மா, அனுசரிச்சுப் போ, என்று இவர் சொன்னார். அவர்கள் போனபிறகு மக்ரூனைத் தின்றார். மொறுமொறுப்பாக இருந்தது. ஏழோ எட்டோ தின்றார்.

பிடரியில் கை. அதையும் எழுதியிருந்தார். மூலத்தில் அந்த வீரனின் வலக்கை எங்கே இருந்தது என்பது எவருக்கும் தெரியாது, மடிப்பு தின்றுவிட்டது. வாளின் பிடியில் இருந்திருக்கலாம், தாடியைத் தடவிக்கொண்டிருக்கலாம், வணிகனுக்கு எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்பதாம் கட்டத்துக்கும் பத்தாம் கட்டத்துக்கும் நடுவில் இஞ்ஞாசியின் தூரிகை அந்தக் கையை நீட்டிப் பெண்ணின் பிடரியில் கொண்டுபோய் வைத்திருந்தது. விரல்கள் அழுந்தவில்லை. மாட்டை வாங்குகிறவன் வைப்பதுபோல், அல்லது விற்கிறவன் வைப்பதுபோல், மெத்தென்று கிடந்தன. திருமண ஆல்பத்தில் அந்தக் கை இருக்கிறது. அம்மாவின் ஆண்டு நினைவுப் பூசையில் எடுத்த படத்தில் இருக்கிறது. வைகாசி வெயிலில், எல்லாரும் விசிறிக்கொண்டிருக்கையில், மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு நிற்கும் பிலோமினாவின் பிடரியில். மாதா திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் எடுத்ததிலும் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் என்ன பாசம் என்றார்கள். இவரும் சொன்னார். சொல்லிவிட்டு ஆல்பத்தின் பக்கத்தைப் புரட்டினார். கல்யாணமான நாலாம் மாதம் கை வீங்கி வந்தவள் வழுக்கி விழுந்ததாகச் சொன்னபோது, பாத்துப் போகக் கூடாதா என்று கடிந்துகொண்டார். ஒருநாள் உச்சிப்பொழுதில் தொலைபேசியில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "சும்மாதாண்ணே கூப்பிட்டேன்," என்று வந்தது. "பெயிண்ட் காயுது பிலோமி, அப்புறம் பேசுதேன்," என்றார். அப்புறம் பேசவில்லை. அன்று என்ன பெயிண்ட் காய்ந்தது? ஏதோ ஒரு கப்பலின் பெயர்ப்பலகை. அதில் ஒரு எழுத்துகூட இப்போது நினைவில் இல்லை. அவளுடைய மூச்சு நினைவிருக்கிறது.

மணி பத்து இருபது. அக்ரிலிக் வண்ணம், இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும். இரண்டு கட்டங்களையும் மூடி எழுதிவிட நேரம் இருக்கிறது. இஞ்ஞாசி தட்டில் வெள்ளையைப் பிதுக்கினார், மஞ்சளை அதனோடு குழைத்தார், நடுத்தரத் தூரிகையை எடுத்துத் தாடியை இன்னும் அடர்த்தியாக்கினார். உதட்டின் ஓரம் மறைந்தது. மறைந்ததும் கண் இன்னும் கூர்மையாகி, அவரைப் பார்த்து ஏதோ தெரிந்ததுபோல் சிரித்தது. தாடி கூடக் கூட அவன் கூடுதலாக ரெமிஜியுஸ் ஆனான். கண்ணை மாற்றவேண்டும். கண்ணின் அருகே கொண்டுபோன தூரிகை நின்றுவிட்டது. வேறு யாருடைய கண்ணை எழுதுவது? கிருபாவதி தந்த விளக்கத் தாளை எடுத்துப் பார்த்தார். அதில் கண்ணைப்பற்றி ஒன்றும் இல்லை. படத்தின் கீழே ஒட்டப்போகும் வாசகம்தான் இருந்தது. வராங்கியர் தெற்கே கான்ஸ்டாண்டிநோபிள்வரை கொண்டுசென்ற விற்பனைப் பொருள்கள்: விலங்குத்தோல், தேன், மெழுகு, அடிமைகள். இந்த வரியை மூன்று வாரமாக நாளும் பார்த்திருக்கிறார். மெழுகு என்ன நிறத்தில் இருக்கும் என்று கேட்கக் கிருபாவதியை ஒருமுறை தொலைபேசியில் அழைத்தார், பழுப்பா, மஞ்சளா? தேன் எதில் வைத்திருப்பார்கள், சாடியிலா, தோற்பையிலா? நாலாவதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. படத்தின் இடப்பக்கத்தில், தெற்கத்திய வணிகன் ஒருவன் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பத்தடிக்குள் நிற்கும் பெண்ணை அவன் பார்க்கவில்லை. சட்டென்று ஓர் அச்சம் எழ, இஞ்ஞாசி குனிந்து அந்த வணிகனின் முகத்தைச் சோதித்தார். அது தம் முகமாக இருக்குமோ? இல்லை. அந்தக் கட்டம் அச்சில் தெளிவாகவே இருந்தது. அது அந்த ஐரோப்பிய ஓவியர் எழுதிய முகம், இவர் பார்த்து எழுதியது. தம் முகம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஆறுதல் வரவில்லை. மூடி எழுதிவிடலாம். எழுதினால் யாருக்கும் தெரியாது. அடியில் இருக்கிறது என்பது இவருக்குத் தெரியும், அதனால் என்ன, இத்தனை நாளும் அடியில்தானே இருந்தது, பதினோரு ஆண்டு, ஒன்றும் ஆகவில்லையே, ஆகவில்லையா, யாருக்கு ஆகவில்லை? தட்டில் குழைத்த வண்ணத்தின்மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. அப்போது தெருவில் குட்டியானையின் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. மணி பத்து நாற்பதுதான் ஆகியிருந்தது.

"மச்சான்! இருக்கியளா? ரோடு காலியா கெடந்துச்சு, சீக்கிரமே வந்துட்டோம்."

ரெமிஜியுஸ் உள்ளே நுழைந்ததும் கொட்டகை சிறுத்துப்போனதுபோல் இருந்தது. ஐம்பதை நெருங்கியும் அந்தக் கழுத்தும் தோளும் தளரவில்லை. அவன் பின்னால் பிலோமினா, முந்தானையால் நெற்றியை ஒற்றியபடி. "தண்ணி கொண்டாரவாண்ணே? மொகமே சரியில்லையே, சாப்பிட்டியா?" என்றாள். இஞ்ஞாசி வாய் திறப்பதற்குள் ரெமிஜியுஸ் பலகையைக் கண்டுவிட்டான். ஒரு நொடி அசையாமல் நின்றான். 

"யம்மாடி!" என்றான் ரெமிஜியுஸ். "இது நான்லா!"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. பரிசு வாங்கியவனின் சிரிப்பு அது. "பிலோமி, இங்க பாரு. அன்னைக்கு சம்மனசு ஆக்குனாவ, இன்னைக்கு வெள்ளக்காரன் ஆக்கிப்புட்டாவ! ஏ மச்சான், சொல்லவே இல்லையே நீங்க. ஊரே வந்து பாக்கப் போற எடத்துல நம்ம மூஞ்சி! தாடி நல்லா இருக்குல்லா? வெச்சிரலாமா?" மோவாயைத் தடவிக்கொண்டு பலகையின் அருகே போய், படத்தில் இருப்பவனைப்போலவே ஒரு தோளைத் தாழ்த்தி நின்றான். அவன் பார்வை பத்தாம் கட்டத்தின்மீது ஒருமுறை போனது. மூட்டைகள்மீதும் ஓடங்கள்மீதும் போனதைப்போலவே அதன்மீதும் போய்க் கடந்தது. அவன் அங்கே எதையும் காணவில்லை. காணாததுபோல் நடிக்கவும் இல்லை. இஞ்ஞாசி காலையிலிருந்து அஞ்சியவற்றுள் இது இல்லை; சினப்பான், உடைப்பான், மறுப்பான் என்றெல்லாம் அஞ்சியவர், அவனுக்கு இதில் கண்டுபிடிக்க ஒன்றுமே இராது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"பிலோமி, ஒரு போட்டோ எடு. முழுப் பலகையும் வரணும்," என்று தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கைப்பேசியைத் தூக்கி, திரையில் பார்த்து, இன்னும் ஓரடி பின்னால் போனாள். நின்றாள். இஞ்ஞாசி திரையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். கைப்பேசி மெல்ல இறங்கியது. திரைக்கு மேலாக அவள் படத்தை நேராகப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள் என்று அவருக்குத் தோன்றியது. நாலைந்து நொடிதான் இருக்கும். பிறகு கைப்பேசி மறுபடி உயர்ந்தது.

"எடுத்தியா?"

"எடுத்துட்டேன்."

"சரி, வண்டியப் பின்னால எடுத்து வாசல்ல போடுதேன். கயிறு வேற சிக்காக் கெடக்கு," என்று சொல்லிக்கொண்டே, இஞ்ஞாசியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ரெமிஜியுஸ் வெளியே போனான்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிலோமினா பலகையின் அருகே போனாள். தொடவில்லை. வண்ணம் காயவில்லை என்று எண்ணினாளோ என்னவோ, விரலை ஓர் அங்குலத்துக்கு இப்பால் நிறுத்தி, அந்தப் பெண் பிடித்திருந்த மணிக்கட்டின் வளைவைக் காற்றிலேயே தடவினாள்.

"எப்பத்துல இருந்துண்ணே?"

"எது?"

"ஒனக்குத் தெரியும்கிறது."

இன்று காலை ஒன்பதே முக்காலில் இருந்து என்று சொல்லிவிடலாம். அது பொய்யாகாது. தலைகீழாக வைத்து எழுதினேன், கை எழுதியது எனக்குத் தெரியாது என்று சொல்லலாம், அதுவும் பொய்யாகாது. அந்த இரண்டு உண்மைகளும் நாக்கின் நுனியில் வந்து நின்றன. அவற்றின் பின்னால் ஒரு கதவுக்கொக்கியும், ஒரு பொட்டலமும், ஒரு மூச்சும் நின்றன. உண்மையைச் சொன்னால் அவள் அழுவாள், தோளில் சாய்வாள், அப்போது எல்லாம் சரியாகத் தொடங்கும் என்று அவருக்குத் தோன்றியது. தாம் சொல்லப்போவது ஒரு கொடை என்றே தோன்றியது.

"மொதல்ல இருந்தே தெரியும், பிலோமி," என்றார்.

அவள் அழவில்லை. அடி விழுந்ததுபோல் தலை மட்டும் ஒருமுறை பின்னுக்குப் போய் வந்தது. முகத்தில் இருந்த நிறம் வடிந்ததை, நிறத்தையே தொழிலாகக் கொண்ட அவர் கண் தெளிவாகக் கண்டது.

"மொதல்ல இருந்தேவா," என்றாள். பிறகு, யாரிடமோ கணக்கு ஒப்புவிப்பவளைப்போல் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஒனக்குத் தெரியாதுன்னுல்லாண்ணே நான் இருந்தேன். தெரியக் கூடாதுன்னுதான் முழுக்கை போட்டேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வந்து நிப்பான், கொலகூட விழுந்துரும், தெரியாததாலதான் வரலைன்னு சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் எந்திரிச்சேன். நானே மறைச்சு வெச்சிருக்கேன்னு ஒரு இது இருந்துச்சு. அதையும் எடுத்துட்டியே."

இஞ்ஞாசி அவளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். பதினோரு ஆண்டுகளாக அவளைக் காத்துவந்த ஒன்று அந்த வீட்டில் இருந்தது என்றும், அது தம் அறியாமையின்மேல் அவள் கொண்ட நம்பிக்கை என்றும், அதைத் தாமே இந்நொடியில் முறித்துப் போட்டுவிட்டதாகவும் அவர் உணர்ந்தார். "இங்கேயே இருந்துரு பிலோமி. இனிமே போவாண்டாம்," என்றார்.

"இங்கேயா?" என்று அவள் சுற்றிலும் பார்த்தாள், வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைப் பார்க்க வந்தவளைப்போல் கூரையையும், கொல்லைக்கதவையும், பலகையையும், கடைசியாக அவரையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் சினம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கைப்பேசியை முக்காலியின்மேல் வைத்தாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கொல்லைக்கதவைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, சந்துக்குள் இறங்கி, மேற்கே திரும்பினாள். ஓடவில்லை, கடைக்குப் போகிறவளைப்போல நடந்தாள். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் வண்டி பின்னோக்கி வந்து நின்றது. ரெமிஜியுஸ் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி உள்ளே வந்தான். முக்காலிமேல் கிடந்த கைப்பேசியைப் பார்த்தான், கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான்.

"எங்க மச்சான் அவ?"

சந்தின் முடிவில் பேருந்து நிலையம். ஏழு நிமிட நடை; இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இஞ்ஞாசி கொல்லைக்கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, அந்த முகத்தை, வண்ணம் பூசாத அந்த முகத்தை, நேராகப் பார்த்தார்.

"தெரியலையே, மாப்பிள்ளை," என்றார். பதினோரு ஆண்டுகளாகத் தமக்குத்தாமே சொல்லிப் பழகிய சொல். குரல் சற்றும் பிசிறவில்லை. "நீங்க அந்த முனையப் பிடிங்க. மெதுவா. பெயிண்ட் இன்னும் காயல."